டைப் அடிச்சு பொழைக்கிறவங்க கைக்கும் நல்ல கீபோர்டு வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் வெச்ச மெக்கானிக்கல் கீபோர்டு பத்தி எங்க எழுதினாலும் கலர் கலரா லைட் எரியுற ஒரு படம், கேம் ஆடுற பசங்க, ஐடி கம்பெனி ஆளுங்க, பத்தாயிரம் பதினஞ்சாயிரம்னு ஒரு விலை, இதுதான் வருது. படிக்கிறவங்க இது நமக்கு இல்லப்பான்னு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறாங்க. அது சரியில்லைங்க. காலைல பத்து மணிலேர்ந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் டைப் அடிச்சு அந்தக் காசுல குடும்பம் ஓட்டுறவங்களுக்குத்தான் இது முதல்ல போய்ச் சேரணும், அதுவும் பெரிய விலை குடுத்து வாங்குறது இல்ல, நம்ம கைக்கும் நம்ம தமிழுக்கும் தக்கபடி நாமளே செஞ்சுக்கிறது. நான் பழைய வண்ணாரப்பேட்டைல டிடிபி வேலை பார்க்குறேன், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் அடிப்பேன், சின்ன சைஸ் கீபோர்டு நானே செஞ்சு அதுலதான் தினமும் வேலை ஓடுது, ஏரியால தெரிஞ்ச சில பேருக்கும் செஞ்சு குடுத்திருக்கேன்.

எங்க பக்கம் எவ்ளோ பேர் டைப் அடிச்சு பொழைக்கிறாங்கன்னு வெளில இருக்கிறவங்களுக்கு தெரியறதில்ல. ஹைகோர்ட்டுக்கு எதிர்ல தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெருவுல மாடிப்படிக்கு கீழ இருக்கிற ஜாப் டைப்பிங் கடைங்க, பெட்டிஷன் அஃபிடவிட்னு ஓயாம ஓடும். ராஜாஜி சாலைல கஸ்டம்ஸ் ஹவுஸ சுத்தி கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ங்க, அங்க முழுக்க முழுக்க நம்பர். ஆண்டர்சன் தெருவுல கல்யாணப் பத்திரிகை. அப்புறம் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, தண்டையார்பேட்டை கொருக்குப்பேட்டை வியாசர்பாடில வீட்டுலயே டேட்டா என்ட்ரி எடுத்து அடிக்கிற பொண்ணுங்க, பாதி பேர் டைப்ரைட்டிங் லோயர் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணவங்க. இவங்க எல்லார் மேசைலயும் இருக்கிறது முந்நூறு நாநூறு ரூபா ரப்பர் கீபோர்டு. எழுத்து அழிஞ்சு போயிருக்கும், பேக்ஸ்பேஸ ஓங்கி அமுக்கினாத்தான் கேக்கும், மணிக்கட்ட இன்னொரு கையால புடிச்சு உருவிக்கிட்டே அடிப்பாங்க. முதலாளிகிட்ட கேட்டா அதுவும் கீபோர்டுதானேம்பாரு.

கீபோர்டுக்கு கீபோர்டு வித்தியாசம் இருக்குங்க. ரப்பர் கீபோர்டுல எல்லா கீக்கும் சேர்த்து உள்ள ஒரே ஷீட், ரப்பர் குமிழ் முழுசா நசுங்கி அடில முட்டினாத்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல்ல ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச், உள்ள ஒரு ஸ்பிரிங், மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துடும், சாதாரண சிவப்பு சுவிட்சுக்கு 45 கிராம் அளவு அழுத்தம் போதும். எங்க தெருவுல கேரம் ஆடுறவங்கள பார்த்திருப்பீங்க, ஸ்ட்ரைக்கர யாரும் மணிக்கட்ட தூக்கி ஓங்கி அடிக்க மாட்டாங்க, விரல் நுனியாலதான் சுண்டுவாங்க, அதே பக்குவம்தான் இதுவும். முதல் ஒரு வாரம் பழைய பழக்கத்துல அடி வரைக்கும் குத்துவோம், அப்புறம் விரலே தானா கத்துக்கும்.

விலை எறங்கினதுக்கும் ஒரு காரணம் இருக்கு. இந்த சுவிட்ச் ஜெர்மனிக்காரங்க செர்ரி கம்பெனி 1980கள்ல கொண்டு வந்தது, ரொம்ப நாள் அவங்க வெச்சதுதான் விலை. அந்த காப்புரிமை முடிஞ்சதுக்கு அப்புறம் கேட்டரான், கைல், அவுட்டெமுன்னு சீனா கம்பெனிங்க அதே அமைப்புல செய்ய ஆரம்பிச்சாங்க. இப்ப ஒரு சுவிட்ச் 15, 20 ரூபாய்க்கே வருது, கை பழகினா கேட்டரான் எந்த விதத்துலயும் மட்டம்னு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சைஸ். பெரிய கீபோர்டுல 104 கீ. வலது பக்கம் இருக்கிற நம்பர் பேட் மௌஸ அந்தாண்ட தள்ளிடும், நாள் பூரா வலது கை தோள்லேர்ந்து வெளில நீட்டிக்கிட்டே இருக்கும், வலி மணிக்கட்டுல மட்டும் இல்லாம தோள்பட்டைலயும் வரதுக்கு இது ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். நம்பர் பேட எடுத்துட்டா 87 கீ, இன்னும் சின்னது 61, அதுக்கும் கீழ 47, 42ன்னு போகுது. சின்ன கீபோர்டு ஒண்ணும் நேத்து வந்த ஃபேஷன் இல்ல, ஜப்பான்ல வாடா எய்ட்டின்னு ஒரு பேராசிரியர் யோசனைல 1996லயே 60 கீ வெச்சு ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு வந்தாச்சு. சின்னதா இருந்தா மீதி கீ எங்க போச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. எங்கயும் போகல, லேயர்ல இருக்கு. ஷிஃப்ட் அமுக்கினா சின்ன எழுத்து பெரிய எழுத்தாகுதுல்ல, அதே வேலைதான், கட்டை விரலால ஒரு கீய அமுக்கிப் புடிச்சா வலது கைக்கு கீழ இருக்கிற எழுத்தெல்லாம் நம்பர் பேடா மாறிடும். கை நகரவே வேணாம். நம்ம கைல பலமான விரல் கட்டை விரல், ரெண்டு கட்டை விரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பேஸ் பார் குடுத்துட்டு, இருக்கிறதுலயே பலம் கம்மியான சுண்டு விரல் தலைல ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல் எல்லாத்தையும் கட்டி வெச்சிருக்காங்க. டைப்ரைட்டர் காலத்துலேர்ந்து வர்ற பழக்கம், கேள்வி கேட்டவங்க ரொம்ப கம்மி.

இப்ப தமிழுக்கு வரேன், நான் இந்த லெட்டர் எழுதுறதே இதுக்காகத்தான். 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்ட ஒட்டி வந்தது தமிழ்99 லேஅவுட், அதாவது எந்த கீல எந்த தமிழ் எழுத்துங்கிற அமைப்பு, நம்ம அரசே ஏத்துக்கிட்டது. உயிர் எழுத்து 12ம் இடது கைல, மெய்க்கு உண்டான 18 எழுத்துல பதினாறு வலது கைல, வவும் ஙவும் மட்டும் இடது பக்கம், கூட ஆய்த எழுத்து ஒண்ணு, ஆக மொத்தம் 31. ஷிஃப்ட் தேவையே இல்ல, ஸ ஷ ஜ ஹ மாதிரி கிரந்த எழுத்துக்கு மட்டும்தான் ஷிஃப்ட். ஒரே எழுத்த ரெண்டு தடவ அடிச்சா முதல் எழுத்துக்கு புள்ளி அதுவே வெச்சுக்கும். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ந அடிச்சு த அடிச்சா ந்தன்னு தானா சேரும், பந்துன்னு அடிக்க ப, ந, த, உ. இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, பெரும்பாலும் எல்லா கீபோர்டுலயும் எழுத்து கீங்கள்ல எஃப், ஜே ரெண்டு மேல மட்டும் தடவிப் பார்க்க ஒரு சின்ன மேடு இருக்கும். தமிழ்99ல அந்த எஃப் இருக்கிற இடத்துலதான் ஆய்த எழுத்து இருக்கு, மெய் எழுத்துக்கு புள்ளி வெக்கிறதும் அதே கீதான். தமிழ்ல ஓயாம வேணுங்கிற புள்ளி ஆள்காட்டி விரல் தூங்குற இடத்துலயே கிடக்கு. யோசிச்சு செஞ்ச பெரியவங்க வேலைங்க அது, இன்னைக்கும் பார்க்க பார்க்க எனக்கு மரியாதையா இருக்கு.

ஆனா 61 கீக்கும் கீழ போற சின்ன கீபோர்டுன்னு வெளில விக்கிறது பெரும்பாலும் இங்கிலீஷ மனசுல வெச்சு செஞ்சது. 26 எழுத்து இருந்தா போதும்னு வெட்டிடுவாங்க, வெட்டுறப்போ முதல்ல போறது ஓரத்துல இருக்கிற சதுர அடைப்புக்குறி ரெண்டும், சிலதுல ஒற்றை மேற்கோள் குறியும். நமக்கு அந்த இடத்துலதான் ச, ஞ, ய இருக்கு. ச இல்லாம சென்னைன்னு எப்படி அடிக்கிறது? அதனால தமிழ் அடிக்கிறவங்க சின்ன கீபோர்டு வேணும்னா தமிழ்லேர்ந்து ஆரம்பிச்சு கணக்கு போடணும்.

நான் போட்ட கணக்கு இதுதான். கோர்னேன்னு ரெண்டு பாதியா பிரிஞ்ச, 42 கீ உள்ள ஒரு டிசைன் இருக்கு, ரெண்டு பக்கமும் 6 காலம் (மேலேர்ந்து கீழ போற நெட்டு வரிசை), 3 குறுக்கு வரிசை, அதுக்கு கீழ கட்டை விரலுக்கு மும்மூணு கீ. இடது ஓரத்து காலம் டேப், கன்ட்ரோல், ஷிஃப்டுக்கு விட்டுட்டா எழுத்துக்கு இடது பக்கம் 15, வலது பக்கம் 18, மொத்தம் 33 இடம் கெடைக்குது. நம்ம எழுத்து 31, கூட ஒரு கமா, ஒரு முற்றுப்புள்ளி, 33. ஒண்ணு கூட மிச்சமும் இல்ல, ஒண்ணு கூட குறையவும் இல்ல! நகர்த்த வேண்டியது ஒரே ஒரு எழுத்துதான், ஞ. மேல் வரிசைல சவுக்கு அப்புறம் இருக்கிற அத எடுத்து கீழ் வரிசைல ழவுக்கு பக்கத்து மூலைல வெச்சா முடிஞ்சுது, மத்த 30 எழுத்தும் தமிழ்99ல எங்க இருக்கோ அங்கயே இருக்கும், ஏற்கனவே கத்துக்கிட்டவங்க கை குழம்பாது. ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், ரெண்டு லேயர் கீ, தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாத்துற கீ, இந்த ஆறும் கட்டை விரலுக்கு. இந்தக் கணக்கு பொருந்தி வந்தப்போ எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னு தெரியல.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறேன், கீபோர்டுக்கு தமிழ் தெரியாது. அது எந்த கீ அமுங்குச்சுன்னு ஒரு நம்பர் அனுப்பும், அவ்ளோதான், அத க, ப மாதிரி எழுத்தா மாத்துறது கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர். விண்டோஸ் 10லயே தமிழ்99 இருக்கு, இல்லன்னா என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை எது வேணா வெச்சுக்கலாம். அதனால எழுத்து விழுற கீல எந்த குழப்பமும் வராது, நீங்க செய்ய வேண்டியது இடத்த மட்டும் சரியா குடுக்கிறது.

செய்யுறது கஷ்டமான்னா, பொறுமை இருந்தா கஷ்டமே இல்ல. பிசிபி, அதாவது சுவிட்சுங்கள கோக்குற சர்க்யூட் போர்டு, சீனால அடிச்சு வாங்கலாம், ஆனா குறைஞ்சது 5 பீஸ் போடணும், அஞ்சு பேர் சேர்ந்தா சரி. தனியா செய்யுறவங்களுக்கு பிசிபியே வேணாம், ஒயர்லயே பண்ணிடலாம். ஷீல்டு, நேம் போர்டு வெட்டுற லேசர் கடைல அக்ரிலிக் பிளேட் வெட்டிக்கலாம், ஒரு சுவிட்சுக்கு 14க்கு 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டை, ஒரு கீ நடுவுலேர்ந்து அடுத்த கீ நடு வரைக்கும் 19.05 மில்லிமீட்டர். லேசர் வெட்டுறப்போ ஓரத்துல கொஞ்சம் தின்னும், அதனால டிராயிங்ல 13.9 குடுத்தா சுவிட்ச் லூஸ் ஆகாம கச்சிதமா உக்காரும். ரெண்டு பாதியையும் தனித்தனியா செய்யாம ஒரே பிளேட்ல நடுவுல இடைவெளி விட்டு, ரெண்டு பக்கத்தையும் லேசா சாய்ச்சு வெச்சு வெட்டினா, ரெண்டு கை தோள் அகலத்துக்கு நேரா இருக்கும், மணிக்கட்டு வெளிப்பக்கமா ஒடிஞ்சு நிக்காது. அந்த இடைவெளிலயே மூளையா வேலை செய்யுற சின்ன போர்ட வெச்சுடலாம். நான் வெக்கிறது ராஸ்பெர்ரி பை பிக்கோ, 2021ல 4 டாலர்னு வந்தது, ரிச்சி தெருவுல சில நூறு ரூபாய்க்கு கெடைக்குது.

42 கீக்கு 42 ஒயர் இழுக்கணும்னு பயப்பட வேணாம். சுவிட்சோட ஒரு கால குறுக்கு வரிசை வாரியாவும் இன்னொரு கால நெட்டு வரிசை வாரியாவும் கோத்துட்டா (இதுக்கு மேட்ரிக்ஸ்னு பேரு) 4 குறுக்கு வரிசை, 12 நெட்டு வரிசை, மொத்தம் 16 பின் போதும், பிக்கோல இதுக்கு ஒதவுற பின் 26 இருக்கு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் 1என்4148ன்னு கண்ணாடி உடம்புல ஒரு கறுப்புக் கோடு போட்ட டையோடு ஒண்ணு வெக்கணும், அது இல்லன்னா மூணு கீ சேர்ந்து அமுங்குறப்போ அமுக்காத நாலாவது கீயும் அமுங்கின மாதிரி கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். டையோடு கால வெட்டிப் போடாதீங்க, அத அப்படியே மடக்கி பக்கத்து டையோடு கால் மேல படுக்க வெச்சு ஈயம் வெச்சுக்கிட்டே போனா அந்தக் காலே வரிசை ஒயரா ஆயிடும். கறுப்புக் கோடு எல்லாத்துலயும் ஒரே பக்கம் பார்த்து இருக்கணும், ஒண்ணு திரும்பி இருந்தாலும் அந்த கீ மட்டும் பேசாது. ஈயம் சுவிட்ச் கால்ல சுத்தி படர்ந்து பளபளன்னு நிக்கணும், உருண்டையா மங்கலா நின்னா பிடிக்கலன்னு அர்த்தம், இன்னொரு தடவ சூடு காட்டணும். வேலை முடிஞ்சதும் பிக்கோ மேல இருக்கிற பட்டன அமுக்கிக்கிட்டே யூஎஸ்பி சொருகினா பென்டிரைவா தெரியும், க்யூஎம்கேங்கிற கீபோர்டு சாஃப்ட்வேர்ல செஞ்ச ஃபைல அதுல இழுத்துப் போட்டா கீபோர்டு ரெடி. க்யூஎம்கே இலவசம். வயல்னு ஒண்ணு இருக்கு, அது வெச்சா அப்புறமா எந்த கீய எங்க மாத்தணும்னாலும் ஸ்கிரீன்லயே மாத்திக்கலாம். சுவிட்ச், அது மேல மாட்டுற கீகேப், பிளேட், பிக்கோ, டையோடு எல்லாம் சேர்த்து எனக்கு ரெண்டாயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது.

கீகேப்ல ஏபிஎஸ், பிபிடின்னு ரெண்டு பிளாஸ்டிக் இருக்கு, ஏபிஎஸ் வாங்காம பிபிடி வாங்குங்க, ஏபிஎஸ் கொஞ்ச நாள்ல விரல் எண்ணெய்ல வழவழன்னு ஆயிடும். எழுத்து அடிக்கிற கீ மேல அமுக்கிப் புடிச்சா இன்னொரு வேலைன்னு ஒரு வசதி இருக்கு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்க ரொம்ப சிலாகிப்பாங்க, வேகமா டைப் அடிக்கிறவங்க அது வேணாம்னு நான் சொல்லுவேன். தட்டினதா அமுக்கினதான்னு முடிவு பண்ண அது எடுத்துக்கிற நேரம் வழக்கமா 200 மில்லி செகண்ட், க்க ம்மன்னு இரட்டிச்சு ஓடுற தமிழுக்கு அது தடுக்கும். கட்டை விரல் கீல மட்டும் வெச்சுக்கலாம். நாலு பேர் ஒட்டி உக்கார்ற கடைன்னா டிக் டிக்குன்னு சத்தம் போடுற நீல சுவிட்ச் வேணவே வேணாம், பக்கத்துல இருக்கிறவங்க தலைவலி நமக்கு எதுக்கு.

எல்லாருக்கும் 42 கீ சரி வரும்னு நான் சொல்லல. டைப்ரைட்டர் முறைல தமிழ் கத்துக்கிட்டு பத்து இருபது வருஷமா அடிக்கிற அக்காங்களுக்கு அதுல கீ எண்ணிக்கை அதிகம் வேணும், ஷிஃப்டும் நிறைய, அவங்க 61 கீ போர்டு செஞ்சுக்கிட்டாலே போதும், கைல இருக்கிற வேகத்த விட்டுட்டு புதுசா கத்துக்கச் சொல்றது நியாயம் இல்ல. கிளியரிங் ஆபீஸ்ல நம்பர் மட்டுமே அடிக்கிறவங்களுக்கு தனியா ஒரு சின்ன நம்பர் பேட் செஞ்சு இடது கை பக்கம் வெச்சா மௌஸுக்கு இடம் கெடைக்கும். புதுசா சின்ன போர்டுக்கு மாறுறவங்களுக்கு முதல் சில வாரம் வேகம் பாதியா குறையும், அந்த நேரத்துல பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யுறவங்க பழைய கீபோர்டையும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, ராத்திரி வீட்டுல மட்டும் பழகணும். வலி அதிகமா இருக்கிறவங்க டாக்டர பார்க்கணும், கீபோர்டு மருந்து இல்ல.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. உப்புக்காத்துல சாதாரண ஸ்குரூ சீக்கிரமே துரு புடிச்சுடும், எம்2 சைஸ்ல ஸ்டெயின்லெஸ் கேளுங்க. பிசிபி போடுறவங்க ஹாட்ஸ்வாப் சாக்கெட் வெச்சுக்கிட்டா ஈயம் உருக்காமலே கெட்ட சுவிட்ச மட்டும் புடுங்கிட்டு வேற சொருகலாம். டீ கொட்டினா கூட கழட்டி தொடைச்சு ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டு காய வெச்சா பெரும்பாலும் வேலை செய்யும். ரப்பர் கீபோர்டு ஒரு கீ போனா முழுசும் போச்சு, அப்படியே குப்பைல விழுந்து கொடுங்கையூர் மேட்டுக்குத்தான் போகும். ஊர் குப்பைய சுமக்கிற பக்கத்துல நாங்க இருக்கோம்ங்க, ரிப்பேர் பண்ணி வருஷக்கணக்கா ஓட்டுற பொருளுக்கு என்ன மதிப்புன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்.

உங்ககிட்டயும் அரசுகிட்டயும் நான் கேக்குறது இதுதான். ஐடிஐலயும் பாலிடெக்னிக்லயும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பசங்களுக்கு எல்இடி மினுக்குற புராஜெக்ட் குடுக்கிறதுக்கு பதிலா இத குடுங்க, ஈயம் வெக்கிறது, டையோடு, மேட்ரிக்ஸ், புரோகிராம் எல்லாம் ஒரே பொருள்ல கத்துக்கலாம், முடிச்சதும் அம்மாவோ அக்காவோ அதுலயே வேலை செய்யலாம். நான் முதல்வன் திட்டத்துல இதுக்கு ஒரு சின்ன பயிற்சி வைக்க முடியாதா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறவங்க தமிழ்99 சொல்லிக் குடுக்கணும், அரசு ஏத்துக்கிட்டு கால் நூற்றாண்டு தாண்டியாச்சு, எங்க பக்கம் கேட்டா பாதி பேருக்கு பேரே தெரியல. தமிழ் எழுத்து போட்ட பிபிடி கீகேப் செட் கடைல கேட்டா எனக்கு இதுவரைக்கும் கெடைக்கல, வெத்து கீகேப் வாங்கி பேனா கீசெயின்ல பேர் அடிக்கிற யூவி பிரிண்டிங் கடைல குடுத்து அடிச்சுக்கிறேன், அந்த எழுத்து சீக்கிரம் தேயுது. நூறு செட் சேர்த்து ஆர்டர் குடுக்கிற ஒரு வியாபாரி முன்வந்தா வாங்க ஆள் இருக்கு.

உங்க ஆபீஸ்லயே தினமும் ராத்திரி வரைக்கும் தமிழ் அடிக்கிற சப் எடிட்டர்ங்க இருப்பாங்க, அவங்க கைய ஒரு தடவ கேட்டுப் பாருங்க. செல்போன் பத்தி எழுதுற பக்கத்துல ஒரு வாரம் இதுக்கு இடம் குடுங்க, கூடவே தமிழ்99 படத்த வெட்டி எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டிக்கிற அளவுக்கு பெருசா போடுங்க, ஞ இடம் மாத்தின 42 கீ படத்த நான் வரைஞ்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி ஆப்பரேட்டர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21